தெய்வம் பேசவைத்தது என்பதை எந்தச் சொல்லால் சொல்வது? அருள், ஏவல், ஆவேசம், வஹீ. அப்புறம் நம்பிக்கை, விசுவாசம், ஈமான்

அகவல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சமயங்களை அறிமுகப்படுத்தும் கட்டுரைத் தொடர் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். தெய்வம் ஒரு மனிதரைப் பேசவோ பாடவோ எழுதவோ வைக்கிறது என்ற கருத்தை எந்தச் சொல்லால் குறிப்பது என்பதில் சிக்கல். அகராதியில் இன்ஸ்பிரேஷன் என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்தால் தூண்டுதல், உந்துதல், உத்வேகம், அகவெழுச்சி, தெய்வ அருள் என்று வரிசையாக இருக்கிறது. எதைப் போட்டாலும் ஒரு மரபுக்குப் பொருந்துகிறது, இன்னொன்றுக்கு இடிக்கிறது. ஃபெயித் என்பதற்கும் இதே கதைதான்: நம்பிக்கை, விசுவாசம், ஈமான், சிரத்தை. இவையெல்லாம் ஒன்றா, வேறா? பொதுவாக ஒரு சொல்லைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளலாமா, இல்லை அந்தந்த மரபின் சொல்லையே போட வேண்டுமா? எடுத்துக்காட்டோடு சொன்னால் பெரிய உதவி.

மறைமொழி எழுதியது:

முதல் கேள்விக்கு 'அருள்' என்ற ஒரு சொல்லே போதும் என்பது என் கருத்து. பழைய நூல்களின் முகப்பைப் பாருங்கள். புலவர் என்றால் 'இயற்றிய' என்று இருக்கும். அடியார் என்றால் 'அருளிச்செய்த', 'திருவாய் மலர்ந்தருளிய'. வைணவர்கள் நாலாயிரத் திவ்யப் பிரபந்தத்தையே 'அருளிச்செயல்' என்றுதான் சொல்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவ வேதாகமமும் இதே சொல்லைத்தான் எடுத்துக்கொண்டது: 'வேதவாக்கியங்களெல்லாம் தேவ ஆவியினால் அருளப்பட்டிருக்கிறது' (2 தீமோத்தேயு 3:16). சைவர், வைணவர், கிறிஸ்தவர் மூவருக்கும் பொதுவாக ஒரு சொல் கையில் இருக்கும்போது உந்துதலும் உத்வேகமும் எதற்கு?

நெடுங்கணக்கு எழுதியது:

மறைமொழி ஐயா சொல்லும் முகப்பு வழக்கம் உண்மைதான். ஆனால் அருள் என்பது கொடுப்பவரின் மனத்தைச் சொல்லும் சொல். குறள் அதை 'அருளென்னும் அன்பீன் குழவி' என்கிறது. அன்பு பெற்ற பிள்ளை. மழை பெய்தாலும் அருள், நோய் தீர்ந்தாலும் அருள், பாட்டு வந்தாலும் அருள். பாட்டு வரும்போது பாடுகிறவருக்கு என்ன நடக்கிறது என்பதை அந்தச் சொல் காட்டுவதில்லை. அகவல் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

நம் அடியார்களே இதில் ஒரே மாதிரி பேசவில்லை. மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

திருமூலர்: 'என்னை நன்றாக இறைவன் படைத்தனன், தன்னை நன்றாகத் தமிழ்செய்யு மாறே.' படைத்தது இறைவன். தமிழ் செய்வது திருமூலர். ஆளை உருவாக்கியதோடு இறைவனின் வேலை முடிந்தது. சொல் மனிதனுடையது, அந்தப் பொறுப்பும் மனிதனுடையது.

சம்பந்தர், திருஇலம்பையங்கோட்டூர்ப் பதிகத்தில்: 'எனதுரை தனதுரையாக' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். உரை என்னுடையதுதான், அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டான் என்றும் படிக்கலாம். என் உரையாக வருவது உண்மையில் அவன் உரை என்றும் படிக்கலாம். இரண்டுக்கும் அந்தத் தொடர் இடம் தருகிறது.

நம்மாழ்வார், திருவாய்மொழி ஏழாம் பத்தில்: 'என்னைத் தன்னாக்கி என்னால் தன்னை இன்தமிழ் பாடிய ஈசனை.' இங்கே பாடியவன் ஈசன். ஆழ்வார் வெறும் 'என்னால்'. மூன்றாம் வேற்றுமை உருபு ஒன்றில் தன்னைச் சுருக்கிக்கொண்டுவிட்டார். பாடுபவனும் அவன், பாடப்படுபவனும் அவன். இவர் வழி மட்டுமே.

மூன்றையும் 'அருள்' என்று சொல்லிவிட்டால் இந்த வேறுபாடு காணாமல் போய்விடும். மனிதன் எவ்வளவு தூரம் அதில் மிச்சம் இருக்கிறான் என்பதுதான் கேள்வியே. அதைப் பார்த்துத்தான் சொல்லைத் தேர வேண்டும்.

செவ்வந்தி எழுதியது:

நெடுங்கணக்கு, அருமை. இதில் நாலாவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 'அடியெடுத்துக் கொடுத்தல்'. எந்த அகராதியும் இன்ஸ்பிரேஷனுக்கு நேராக இதைப் போடுவதில்லை. தமிழ் மரபு தானாகவே உண்டாக்கிக்கொண்ட சொல் இதுதான். சேக்கிழாருக்கு 'உலகெலாம்', அருணகிரிநாதருக்கு 'முத்தைத்தரு', கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்கு 'திகட சக்கர' என்று முதல் சொல்லை மட்டும் தெய்வம் தருகிறது. மிச்சம் ஆயிரக்கணக்கான பாட்டு புலவரின் உழைப்பு.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சுந்தரர் கதை. திருமணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து, நீ எனக்கு அடிமை என்று ஓலையை நீட்டுகிறார். சுந்தரர் கோபத்தில் அவரைப் பித்தன் என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போய், கிழவர் பக்கம் தீர்ப்பாகிறது. வந்தது யார் என்று தெரிந்து, எப்படிப் பாடுவேன் என்று சுந்தரர் நின்றபோது, முன்பு என்னைப் பித்தன் என்று சொன்னாயே, அப்படியே பாடு என்கிறார் இறைவன். 'பித்தா பிறைசூடி' அப்படித்தான் பிறக்கிறது. கவனியுங்கள்: வானத்திலிருந்து புதுச் சொல் எதுவும் வரவில்லை. சுந்தரர் வாயிலிருந்து திட்டாக வந்த சொல்லையே தெய்வம் பாட்டாகத் திருப்பிக் கொடுத்தது. இதைத் தூண்டுதல் என்றாலும் குறை, ஆவேசம் என்றால் முழுத் தவறு.

கச்சியப்பர் கதையும் அழகு. முருகன் கொடுத்த 'திகட சக்கர' என்பதிலேயே புணர்ச்சி தவறு, திகழ் என்பதோடு தசம் (பத்து) சேர்ந்தால் இப்படி வராது என்று சபையில் தடை எழுந்ததாம். தெய்வம் தந்த சொல் என்று சொல்லி வாயை அடைக்கவில்லை. வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி இருக்கிறது என்று காட்டிய பிறகுதான் அரங்கேற்றம் நடந்ததாகக் கதை. வீரசோழியம் எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். முருகன் கொடுத்த அடிக்குப் பௌத்தர் எழுதிய இலக்கணம் சாட்சி.

ஒலிவமரம் எழுதியது:

கிறிஸ்தவப் பக்கத்திலிருந்து சில சொற்கள். மறைமொழி ஐயா காட்டிய 2 தீமோத்தேயு வசனத்தில் கிரேக்க மூலம் 'தியோப்நியூஸ்தோஸ்'. கடவுளால் மூச்சு விடப்பட்டது என்று பொருள். இன்ஸ்பிரேஷன் என்பதும் லத்தீனில் மூச்சை உள்ளே ஊதுவதுதான். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் மூச்சைச் சொல்லுக்குச் சொல் கொண்டுவராமல் 'தேவ ஆவியினால்' என்று ஆவியில் வைத்துவிட்டு, 'அருளப்பட்டிருக்கிறது' என்ற வினையைச் சேர்த்தார்கள். ஆவி என்றாலே தமிழில் மூச்சும் உயிரும்தானே, அதனால் ஒன்றும் தொலையவில்லை. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் அதே இடத்தில் 'கடவுளின் தூண்டுதல் பெற்றுள்ளது' என்கிறது. ஒரே வசனம், ஒன்று அருள், இன்னொன்று தூண்டுதல்.

இன்னொரு வசனம் 2 பேதுரு 1:21. 'தேவனுடைய பரிசுத்த மனுஷர்கள் பரிசுத்த ஆவியினாலே ஏவப்பட்டுப் பேசினார்கள்.' இந்த 'ஏவப்பட்டு' என்ற இடத்தில் உள்ள கிரேக்க வினை, சுமந்து செல்லப்படுவதைக் குறிக்கும். அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் பவுல் போன கப்பல் புயலில் சிக்கி, காற்றின் போக்கிலேயே அடித்துச் செல்லப்படும் இடத்தில் வருவதும் அதே வினைதான். அந்தப் படம் மனத்தில் இருந்தால் பேதுரு சொல்வது விளங்கும். கப்பலும் மாலுமிகளும் அங்கேயேதான் இருக்கிறார்கள், திசை மட்டும் காற்றுடையது. தமிழில் 'ஏவல்' என்றதும் பில்லி சூனியம் நினைவுக்கு வருவது ஒரு தொல்லை. அதனால் பொதுவாசகர் படிக்கும் கட்டுரையில் நான் அந்தச் சொல்லைத் தவிர்ப்பேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இதை 'கடவுள் சொல்லச் சொல்ல எழுதினார்கள்' என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். லூக்கா தன் நற்செய்தியின் தொடக்கத்திலேயே, எல்லாவற்றையும் ஆதிமுதல் திட்டமாய் விசாரித்தறிந்து ஒழுங்காக எழுதுவதாகச் சொல்கிறார். விசாரித்து எழுதியதும் தூண்டுதல் பெற்றதும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டு விளக்கமும் எழுதியவர்களை உண்மையான ஆசிரியர்கள் என்றே சொல்கிறது. இதில் எல்லாத் திருச்சபைகளும் ஒரே கருத்தில் இல்லை. சிலர் சொல்லுக்குச் சொல் ஏவப்பட்டது என்பார்கள். ஆனால் ஒவ்வொரு சொல்லும் தேவனுடையது என்று நம்புகிறவர்களிலேயே பெரும்பாலோர், எழுதியவர் வெறும் எழுத்தர் என்று ஒப்புக்கொள்வதில்லை.

பிறைநிலா எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மேலே சொன்னவை எதையும் குர்ஆனுக்குப் பயன்படுத்த முடியாது என்பதற்காகவே எழுதுகிறேன். எங்கள் நம்பிக்கைப்படி குர்ஆனுக்கு மனித ஆசிரியர் இல்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தூண்டுதல் பெற்று எழுதியவர் அல்லர். சொல்லும் பொருளும் இறைவனிடமிருந்து வந்தவை, அவர்கள் பெற்று எடுத்துச் சொன்னார்கள். அதற்கான சொல் 'வஹீ'. தமிழில் இறைச்செய்தி, வேத அறிவிப்பு என்று எழுதுவோம். 'நபிகளுக்கு உத்வேகம் வந்தது' என்று எங்காவது படித்தால் மனம் வலிக்கும், பொருளும் தவறு.

வஹீ என்ற சொல்லின் வேர்ப்பொருள், விரைவாகவும் மறைவாகவும் உணர்த்துதல். குர்ஆனிலேயே அது பல இடங்களில் வெவ்வேறு விதமாக வருகிறது. மலைகளில் கூடு கட்டு என்று தேனீக்கு இறைவன் அறிவிப்பதும் வஹீ (16:68). குழந்தையைப் பாலூட்டு, பயம் வந்தால் ஆற்றில் விடு என்று மூஸா நபியின் தாயாருக்கு உணர்த்தியதும் வஹீ (28:7). ஜகரிய்யா நபி பேச முடியாத நிலையில் மக்களுக்குச் சைகை காட்டியதற்கும் அதே வினைதான் (19:11). ஷைத்தான்கள் ஒருவருக்கொருவர் கிசுகிசுப்பதற்கும் கூட (6:112). ஆனால் கலைச்சொல்லாக வஹீ என்றால் நபிமார்களுக்கு வருவது மட்டும். இறுதி நபியோடு அது நிறைவுற்றது.

நல்லடியார் ஒருவரின் உள்ளத்தில் இறைவன் ஒன்றைத் தோன்றச் செய்வதற்கு 'இல்ஹாம்' என்று தனிச் சொல் இருக்கிறது. அகவல், நீங்கள் சொன்ன 'உந்துதல்', 'தூண்டுதல்' எல்லாம் இதற்குத்தான் பொருந்தும். ஒருவருக்கு வந்த இல்ஹாம் மற்றவர்களுக்குச் சட்டமாகாது. இரண்டையும் ஒரே தமிழ்ச் சொல்லால் எழுதினால் பெரிய குழப்பம் வரும்.

வஹீ எப்படி இருக்கும் என்று கேட்கப்பட்டபோது, சில நேரம் மணியோசை போல வரும், அதுவே எனக்கு மிகக் கடினமானது, சில நேரம் வானவர் மனித உருவில் வந்து பேசுவார் என்று நபிகள் விளக்கியதாக ஸஹீஹுல் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பின் தொடக்கத்திலேயே இருக்கிறது. கடும் குளிர் நாளில் வஹீ வந்து முடியும்போது அவர்கள் நெற்றியில் வியர்வை வழிந்ததைப் பார்த்ததாக அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். பரவசம் என்ற சொல்லில் இன்று ஒலிக்கும் இனிமை இந்த விவரிப்பில் இல்லை. அது ஒரு பாரம்.

அகவல் எழுதியது:

பிறைநிலா, ஒலிவமரம், மிக்க நன்றி. வேதத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ரிஷிகள் தெய்வத் தூண்டுதலால் வேதத்தை எழுதினார்கள் என்று ஒரு பத்தி வைத்திருக்கிறேன். அது சரியா?

நெடுங்கணக்கு எழுதியது:

அந்தப் பத்தியை மாற்றிவிடுங்கள். 'எழுதினார்கள்' என்பதே பொருந்தாது. வேதம் சுருதி, அதாவது கேட்கப்பட்டது. குறுந்தொகை 156ஆம் பாட்டு, பார்ப்பன மகனை நோக்கி 'எழுதாக் கற்பின் நின் சொல்லுள்ளும்' என்கிறது. எழுதாமல் ஓதிக் கற்கும் கல்வி. பழந்தமிழில் 'கேள்வி' என்றாலும் கேட்டுப் பெற்ற அறிவுதான். வினா என்ற பொருளே இன்று முன்னால் நிற்கிறது.

'தெய்வத் தூண்டுதல்' என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. வேதச் சடங்குகளை ஆராயும் நெறியினரான மீமாம்சகர்கள் வேதம் 'அபௌருஷேயம்' என்பார்கள். அதற்கு மனிதனும் ஆசிரியன் இல்லை, கடவுளும் ஆசிரியர் இல்லை; அது என்றும் உள்ளது. ரிஷிகள் மந்திரங்களைக் 'கண்டவர்கள்'. தர்க்க நெறியினரான நையாயிகர்கள் இதை மறுத்து, ஈசுவரன்தான் வேதத்துக்கு ஆசிரியன் என்பார்கள். ஆக ஒரே வேதத்தைப் பற்றி இரண்டு தரிசனங்கள் (தத்துவ நெறிகள்), இரண்டிலும் ரிஷி எழுத்தாளர் இல்லை. 'ரிஷிகள் மந்திரங்களைக் கண்டார்கள் என்பது மரபு' என்று எழுதினால் யாருக்கும் இடிக்காது.

இந்தக் 'காணுதல்' தொல்காப்பியத்திலும் உண்டு. 'வினையின் நீங்கி விளங்கிய அறிவின் முனைவன் கண்டது முதல் நூலாகும்.' முதல் நூலை முனைவன் செய்தான் என்று சொல்லவில்லை, கண்டது என்கிறது. முனைவர் என்று பட்டத்துக்கு இன்று நாம் போடும் சொல் இதிலிருந்து எடுத்ததுதான்.

செவ்வந்தி எழுதியது:

பரவசம் என்று பிறைநிலா சொன்னதால் ஒன்று. தெய்வம் ஆளைப் பிடிப்பதைக் குறித்த சொற்கள் பலவும் இன்று தெய்வத்தை விட்டு விலகிவிட்டன. ஆவேசம் என்றால் உள்ளே புகுதல், அதாவது தெய்வம் ஓர் உடலுக்குள் நுழைவது. இன்று 'ஆவேசமாகப் பேசினார்' என்றால் கோபம். பரவசம் என்றால் பிறிதொன்றின் வசப்படுதல்; இன்று மகிழ்ச்சி. வெறி, சங்கப் பாடல்களில் வேலன் ஆடும் வெறியாட்டு. இன்று கட்டுக்கடங்காத மூர்க்கம். கிரேக்கத்திலும் இப்படி ஒன்று உண்டு. உள்ளே கடவுள் இருக்கும் நிலையைக் குறித்த சொல்லிலிருந்துதான் ஆங்கிலத்தின் என்தூசியாசம் வந்தது. இன்று அது வெறும் உற்சாகம்.

உத்வேகத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வடமொழியில் உத்வேகம் என்றால் கலக்கம், மனப்பதற்றம். பகவத் கீதை 17ஆம் அத்தியாயத்தில் வாக்கின் தவத்தைச் சொல்லும்போது, பிறருக்கு உத்வேகம் உண்டாக்காத சொல் என்று வருகிறது. நோகச் செய்யாத சொல் என்பது அதன் பொருள். தமிழில் அது நல்ல பொருளில் நிலைத்துவிட்டது, அதில் தவறில்லை. விளையாட்டு வீரருக்கும் தொழில் தொடங்குகிறவருக்கும் நன்றாகப் பொருந்துகிறது. தெய்வ காரியத்துக்கு மட்டும் அது வேண்டாம்.

மறைமொழி எழுதியது:

எல்லோரும் சொன்னதைப் படித்தேன். ஆனாலும் அருள் என்ற சொல்லின் எடையை நீங்கள் குறைத்துப் பார்க்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். அந்தச் சொல்லுக்காகத் தமிழ்நாட்டில் பெரிய போரே நடந்தது. இராமலிங்க அடிகளின் பாடல்கள் 1867இல் 'திருவருட்பா' என்ற பெயரில் அச்சானபோது, தேவாரம், திருவாசகம் போன்ற பழைய சைவத் திருமுறைகளுக்கே உரிய பெயர் அது, சமகாலத்தவர் பாட்டுக்கு எப்படிச் சூட்டலாம் என்று ஆறுமுக நாவலர் தரப்பு எதிர்த்தது. அருட்பாவா மருட்பாவா என்று கண்டன நூல்கள் மாறி மாறி வந்தன, வழக்குமன்றம் வரை போனது. அருள் என்பது வெறும் கருணை, மரியாதைத் துணைவினை என்றால் இவ்வளவு சூடு ஏன்? இந்தப் பாட்டு தெய்வத்திடமிருந்து வந்ததா, மயக்கத்திலிருந்து வந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. மருள் என்ற எதிர்ச்சொல் கூடவே நிற்பதால்தான் அருளுக்கு அந்தக் கூர்மை. மனிதன் எவ்வளவு மிச்சம் இருக்கிறான் என்பதை நெடுங்கணக்கு பார்க்கிறார். வந்தது எங்கிருந்து என்பதை அருள் பார்க்கிறது. எனக்கு அதுதான் முதல் கேள்வி.

நெடுங்கணக்கு எழுதியது:

ஐயா, மருளை எதிரே வைத்துக் காட்டியது நல்ல வாதம். சைவ, வைணவ அடியார்களைப் பற்றிய பகுதியில் அருள் முன்னால் நிற்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். வஹீக்கும் அபௌருஷேயத்துக்கும் அதை நீட்டக் கூடாது என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

அகவல் எழுதியது:

சரி, இந்தப் பாதி எனக்குத் தெளிந்துவிட்டது. நம்பிக்கை, விசுவாசம் பற்றியும் சொல்லுங்களேன்.

ஒலிவமரம் எழுதியது:

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாக இருங்கள். 1 கொரிந்தியர் 13:13. பழைய மொழிபெயர்ப்பு: 'விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது.' திருவிவிலியம்: 'நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு'. அதாவது சீர்திருத்தத் திருச்சபையினர் கையில் இருக்கும் வேதாகமத்தில் நம்பிக்கை என்பது இரண்டாவது, வரப்போவதை எதிர்பார்த்திருப்பது. கத்தோலிக்கர் கையில் இருக்கும் நூலில் அதே நம்பிக்கை முதலாவது, இறைவனைப் பற்றிக்கொள்வது. ஒரே தமிழ்ச் சொல் இரண்டு சபைகளில் இரண்டு வெவ்வேறு நற்பண்புகளைக் குறிக்கிறது. எந்த மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கிறீர்கள் என்று சொல்லாமல் வசனத்தைப் போட்டால், படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

விசுவாசம் கிறிஸ்தவருக்கு வெறும் கருத்து இல்லை. 'நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது' என்று எபிரெயர் 11:1 சொல்கிறது. பேச்சில் விசுவாசம் என்றால் எஜமானுக்கு உண்மையாக இருப்பது. நாய்க்குச் சொல்கிறோமே அது. அந்த உண்மைத்தன்மையும் கிரேக்கச் சொல்லான 'பிஸ்திஸ்' என்பதற்குள் இருக்கிறது. அதனால் இந்தத் தமிழ்ச் சொல் சரியாகவே அமைந்தது என்பேன்.

பிறைநிலா எழுதியது:

ஈமான் என்பதன் வேர், அச்சமற்ற பாதுகாப்பு. அமானிதம் என்று தமிழ் முஸ்லிம்கள் வீட்டில் புழங்கும் சொல்லும் அதே வேரில் வந்ததுதான். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். குர்ஆனில், நாட்டுப்புற அரபிகள் சிலர் நாங்கள் ஈமான் கொண்டோம் என்றபோது, இல்லை, கட்டுப்பட்டோம் என்று சொல்லுங்கள், ஈமான் இன்னும் உங்கள் உள்ளங்களில் நுழையவில்லை என்று பதில் வருகிறது (49:14). இஸ்லாமும் ஈமானும் வேறு வேறு என்று அந்த வசனமே பிரித்துக் காட்டுகிறது. எதிர்ப்பக்கம் உள்ள குஃப்ர் என்பதன் வேர்ப்பொருள், மூடி மறைத்தல். விதையை மண்ணால் மூடும் உழவர்களுக்கும் அந்த வேரில் வந்த சொல்லையே குர்ஆன் ஓரிடத்தில் (57:20) பயன்படுத்துகிறது. தெரியாதவன் என்பதல்ல, தெரிந்ததை மூடுகிறவன் என்ற நிறம் அந்தச் சொல்லில் இருக்கிறது. இறைமறுப்பு என்று தமிழில் எழுதுவது ஓரளவு பொருந்தும். நாத்திகம் என்று எழுதினால் பொருந்தாது.

வினாக்குறி எழுதியது:

நான் இறைநம்பிக்கை இல்லாதவன். ஆனாலும் இந்த இழையை ஆர்வத்தோடு படிக்கிறேன். ஒரு கேள்வி. ஆராயாமல் ஏற்பது என்ற பொருள் நம்பிக்கை என்ற சொல்லிலேயே இருக்கிறதா? மூடநம்பிக்கை என்று தனியாகச் சொல்வதைப் பார்த்தால், மூடமில்லாத நம்பிக்கை என்றும் ஒன்று இருக்க வேண்டும். அதற்குத் தமிழில் பெயர் உண்டா?

செவ்வந்தி எழுதியது:

உண்டு. குறளில் 51ஆம் அதிகாரத்தின் பெயரே 'தெரிந்து தெளிதல்'. அங்கே தெளிதல் என்றால் நம்புதல். ஆராய்ந்து பார்த்த பிறகு நம்பு என்பதுதான் அந்த அதிகாரம் முழுவதும். 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.' ஆராயாமல் நம்புவதும் துன்பம், நம்பிய பிறகு சந்தேகப்படுவதும் துன்பம். அது அரசன் ஆட்களைத் தேர்வதைப் பற்றியது, தெய்வத்தைப் பற்றியதல்ல. ஆனால் ஆராய்ச்சியோடு சேர்ந்த நம்பிக்கைக்கு நமக்கு ஒரு பழைய சொல் இருந்தது என்பதற்கு இது சான்று.

'நம்பு' வேறு வழியில் வந்தது. தொல்காப்பிய உரியியலில் 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்று இருக்கிறது. நசை என்றால் விருப்பம். நம்புதல் என்றால் முதலில் விரும்புதல். சிவனுக்கு நம்பன் என்று பெயர் வந்ததை இந்த விருப்பத்தோடு சேர்த்துப் பார்த்தால் தேவாரம் படிக்கும்போது வேறு சுவை கிடைக்கும். ஆராய்ச்சியா இல்லையா என்ற பேச்சே அந்தச் சொல்லின் தொடக்கத்தில் இல்லை. அது உள்ளத்தின் நாட்டத்தைச் சொன்ன சொல்.

மும்மணி எழுதியது:

வினாக்குறி கேட்டதற்குச் சமணத்தில் நேரான விடை இருக்கிறது. எங்கள் மும்மணிகள் நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம். மற்றவர்கள் ஃபெயித் என்று சொல்லும் இடத்தில் நாங்கள் 'காட்சி' என்கிறோம். மெய்ப்பொருள்களில் சிரத்தை கொள்வதே நற்காட்சி என்று தத்துவார்த்த சூத்திரம் என்ற எங்கள் நூல் வரையறுக்கிறது. நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள், முதலாவது ஐயமின்மை. அதே எட்டில் இன்னொன்று மூடம் இல்லாமை. உலக மூடம், தேவ மூடம், பாசண்டி மூடம் என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஆற்றில் குளித்தாலே பாவம் போகும் என்பது உலக மூடம். வரம் வேண்டித் தேவர்களைத் தொழுவது தேவ மூடம். பொய்த்துறவியரைப் போற்றுவது மூன்றாவது. மூடத்தை விலக்கினால்தான் நம்பிக்கையே ஆகும் என்பது எங்கள் நூல்களின் நிலை. படைத்த கடவுளை ஏற்காத சமயம் இப்படிச் சொல்கிறது என்பதையும் கட்டுரையில் குறிப்பிடுங்கள்.

கூடவே ஒன்று. சமணரை நாத்திகர் என்று எழுதும்போது, அது எந்தப் பொருளில் என்று விளக்கிவிடுங்கள். மனு நூல் நாத்திகன் என்பது வேதத்தை நிந்திப்பவனை. அந்தக் கணக்கில் படைப்புக் கடவுளை ஏற்காத மீமாம்சகர் ஆத்திகர், நாங்கள் நாத்திகர். இன்றைய தமிழில் நாத்திகர் என்றால் கடவுள் இல்லை என்பவர். இரண்டும் ஒன்றல்ல.

வினாக்குறி எழுதியது:

மும்மணி, செவ்வந்தி, நன்றி. தெளிதல் என்ற சொல்லை இனி நானும் பயன்படுத்துவேன்.

நெடுங்கணக்கு எழுதியது:

சிரத்தை பற்றி ஒரு வரி. இன்று 'சிரத்தையாகச் செய்' என்றால் கவனமாகச் செய் என்று பொருள். முன்னோருக்குச் செய்யும் சிராத்தம் அந்தச் சொல்லிலிருந்து வந்தது, நம்பிக்கையோடு செய்வது. லத்தீனின் 'கிரேதோ', அதாவது கிறிஸ்தவ விசுவாச அறிக்கையின் முதல் சொல், சிரத்தையோடு ஒரே மூலத்தைச் சேர்ந்தது என்பது மொழியியலாளர் பலரின் முடிவு.

அகவல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பொதுச் சொல் ஒன்றைத் தேடுவதை விட்டுவிட்டேன். அந்தந்த மரபின் சொல்லை முதலில் வைத்து, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் தரப்போகிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. தீர்க்கதரிசி, இறைவாக்கினர், நபி, இந்த மூன்றில் எதை எங்கே போடுவது?

ஒலிவமரம் எழுதியது:

தீர்க்கதரிசி என்றால் தொலைதூரம் காண்பவர். இறைவாக்கினர் என்றால் இறைவனின் வாக்கைச் சொல்பவர். பழைய ஏற்பாட்டைப் படித்தால் ஆமோஸும் எரேமியாவும் வருவதைச் சொன்னதைவிட, நடந்துகொண்டிருந்த அநியாயத்தைக் கண்டித்ததே அதிகம். அதனால் திருவிவிலியத்தின் இறைவாக்கினர் என்ற சொல் அவர்களுடைய பணிக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன். ஆனால் பழைய சொல்லுக்கும் ஆதாரம் உண்டு. 1 சாமுவேல் 9:9, 'இந்நாளிலே தீர்க்கதரிசி எனப்படுகிறவன் முற்காலத்தில் ஞானதிருஷ்டிக்காரன் எனப்படுவான்' என்கிறது. காண்பவர் என்ற பெயர் போய்ச் சொல்பவர் என்ற பெயர் வந்ததை எபிரெய வேதமே பதிவு செய்திருக்கிறது. அங்கே 'தீர்க்கதரிசி' என்று தமிழாக்கப்பட்ட எபிரெயச் சொல் 'நாபி'.

பிறைநிலா எழுதியது:

எங்கள் நபி என்ற சொல்லும் அதன் உறவுதான். முஸ்லிம்களைப் பற்றிய பகுதியில் நபி என்றே போடுங்கள், தமிழர் எல்லோருக்கும் தெரிந்த சொல். ரசூல் வரும் இடத்தில் இறைத்தூதர். ரசூல்மார் எல்லோரும் நபிமார்கள், நபிமார் எல்லோரும் ரசூல்மார்கள் அல்லர் என்பது அறிஞர்களில் பெரும்பாலோர் கருத்து. அதனால் இரண்டையும் மாற்றி மாற்றி எழுத வேண்டாம்.